குற்றாலத்தில் அறை, சங்கரன்கோவிலில் தரிசனம்

பயணக் கட்டுரைகள் பெருகிவிட்ட காலம் இது. அவற்றுள் ஐரோப்பாவின் பழநகரங்களைப் பற்றியவை ஒரு தனி வகை. நகரைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே அக்கட்டுரையாளர்கள் ஓர் அத்தியாயம் முழுக்க அறை தேடுகிறார்கள். பிராக் நகரில் பழைய கற்பாலத்துக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா? ஃப்ளாரன்ஸில் பேராலயத்தை ஒட்டிய தெருவா, ஆற்றைக் கடந்த தென்கரையா? வாடகை கூடினாலும் பரவாயில்லை, பழநகரின் எல்லைக்குள்தான் தங்க வேண்டும். விடியலில் ஆலயமணி கேட்டு விழிக்க வேண்டும். பகற்கூட்டம் கலைந்த பிறகு கல்பாவிய தெருக்களில் காரணமின்றி நடக்க வேண்டும். இப்படியெல்லாம் எண்ணி எண்ணி எடுத்த முடிவை நமக்குச் சொல்கிறார்கள். அந்த முடிவில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. நகரைப் பார்ப்பதற்கும் நகரில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

நம் வழக்கு வேறு. இதே நண்பர்கள் ஆடி மாதத்தில் நம் பக்கம் வருகிறார்கள். குற்றாலத்தில் அறை எடுக்கிறார்கள். சாரலில் நனைகிறார்கள். மூன்றாம் நாள் வாடகைக் காரைப் பிடித்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கடந்து சங்கரன்கோவிலுக்கு வருகிறார்கள். வந்து சேரும்போது பதினொன்றரை ஆகியிருக்கும். கோபுரத்தின் முன் ஒரு படம், சங்கரநாராயணர் முன் ஐந்து நிமிடம், புற்றுமண் ஒரு பொட்டலம், ஊரின் பெயர்பெற்ற பிரியாணி ஒரு வயிறு, மறுபடியும் கார். பிறகு எழுதுகிறார்கள்: கோயில் பெரிது, ஊரில் ஒன்றுமில்லை, தங்கத்தக்க ஊர் அல்ல. கடைசி வாக்கியத்தைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. ஓர் இரவுகூடத் தங்காதவர் தங்கத்தக்கதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்கு எந்த இலக்கணத்திலும் விதி கிடையாது.

பகல் பன்னிரண்டு மணி என்பது தமிழ்நாட்டின் கோயில் நகர் எதற்கும் செத்த பொழுது. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு மணி வாக்கில் ஆகும். சன்னிதிக் கடைகள் பாதிப் படுதாவை இறக்கிவிடும். பூக்காரம்மா கூடையின்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்திருப்பார். வெயிலின் வெள்ளையில் ஒன்பது நிலைக் கோபுரத்தின் சுதைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு மங்கலாகத் தெரியும். நம் நண்பர்கள் பார்த்துச் சென்றது இதைத்தான். நண்பகலில் தூங்குகிறவரின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த வீட்டார் ஊமை என்று ஊரெல்லாம் சொல்வதற்கு நிகரான செயல் இது.

சங்கரன்கோவில் தன்னைக் காட்டும் பொழுதுகள் வேறு. நடை திறக்கும் விடியலில் மல்லிகையும் பிச்சியும் மூட்டைகளாகச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கும். சுற்றியுள்ள கரிசல் கிராமங்களின் பூ அது. விலை அன்றன்று ஏறி இறங்குவதால் கூடை சுமந்து வருகிறவரின் முகத்திலேயே அன்றைய சந்தையைப் படிக்கலாம். இரவு எட்டு மணிக்குப் பிறகு ரத வீதிகள் அகலமாகும். பள்ளியறைப் பூசைக்கு நிற்பவர்கள் உள்ளூரார் மட்டுமே. அப்போது நெசவாளர் தெருக்களுக்குள் நடந்தால் விசைத்தறிகளின் ஓசை சுவருக்குச் சுவர் தொற்றிக்கொண்டு கூடவே வரும். இந்த ஊரின் வயிறு அந்த ஓசையில் இருக்கிறது. கோபுரத்தை மட்டும் பார்த்தவருக்கு ஊரின் பாதி கிடைத்தது. தறியோசையைக் கேட்காதவர் மீதிப் பாதியின் பெயரைக்கூட அறியமாட்டார். இந்த இரண்டையும் ஒருசேரத் தரும் வழி ஒன்றே ஒன்று, கோயிலிலிருந்து நடை தூரத்தில் ஓர் அறை.

எங்கே தங்குவது என்னும் கேள்வியை அற்பமான சுற்றுலாக் கேள்வி என்று ஒதுக்குகிற தமிழ்ப் பேராசிரியர்களும் உண்டு. அவர்களுக்குப் பாடத்திட்டத்திலிருந்தே விடை சொல்வோம். ஆற்றுப்படை என்று நாம் ஆண்டுதோறும் நடத்துகிற நூல்வகை வேறென்ன? புரவலனின் புகழ் அதன் முடிவு. அதன் உடல் முழுவதும் வழியும் தங்கலும்தான். சிறுபாணாற்றுப்படையின் பாணன் எயிற்பட்டினத்தில் நுளையரிடம் தேறலும் சுட்ட மீனும் பெறுவான். வேலூரில் எயினரின் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும். நெய்தலை அறிய நெய்தலில் உண்டு உறங்கு, மருதத்தை அறிய மருதத்தில் உண்டு உறங்கு என்பதே அந்நூல் பயணிக்குக் காட்டும் நெறி. கிடங்கில் நகரில் வசதியான அறை எடுத்துக்கொண்டு மூன்று ஊர்களையும் ஒரே பகலில் முடித்துவிட்டு வா என்று நத்தத்தனார் பாடவில்லை.

இதனினும் கூர்மையானது, அந்த நூல்கள் நமக்குக் கிடைத்த கதை. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்குச் சுவடி தேடி நம் பழைய திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீட்டு ஏடுகளையெல்லாம் புரட்டியும் வேண்டியது அகப்படவில்லை. சோர்ந்துபோனவர் அன்றிரவு அந்த ஊரிலேயே இருந்தார். திருவிழாக் காலம் அது. பெருமாள் வீதியில் எழுந்தருளிய அந்த இரவில்தான் இலக்குமண கவிராயர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலா வெளிச்சத்திலேயே அதைப் பிரித்துப் பார்த்தார் ஐயர். பத்துப்பாட்டு இருந்தது. 1889இல் அச்சேறியது. ‘என் சரித்திர’த்தில் அவரே எழுதியிருப்பதை நம் மாணவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் சொல்கிறோம், ஆனால் அதில் ஒளிந்திருக்கும் எளிய செய்தியை ஒருவரும் கவனிப்பதில்லை. பகலில் தேடி முடித்ததும் ஐயர் திருநெல்வேலிக்கு வண்டி கட்டியிருந்தால் சுவடி வந்த நேரத்தில் வாங்க ஆள் இருந்திருக்காது. பகல் முழுதும் தராத ஊர் இரவில் தந்தது. வீட்டு விருந்தாளியாகத் தங்கியவரிடம், இன்னும் ஒரு வீட்டில் பார்க்கவில்லையே என்ற உறுத்தல் ஊராருக்கே வந்தது. வந்துபோகிற அதிகாரிக்காக யாரும் மாமனார் வீட்டுப் பரணில் ஏறமாட்டார்கள்.

அதே ஐயர் சங்கரன்கோவிலிலிருந்து வடக்கே சில கல் தொலைவிலுள்ள கரிவலம்வந்தநல்லூருக்கும் வந்தார். அங்கே கோயிலில் பழைய ஏட்டுச்சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவருக்குக் கிடைத்த விடை தமிழுலகம் அறிந்தது. குப்பையாகக் கிடந்த ஏடுகளை ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்றார்கள். அவர் ஆகமத்தின்மேல் கொண்ட சினம் நமக்கும் இன்னும் ஆறவில்லை. ஆனால் இன்று கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? குற்றாலம் காரின் பாதையில் அது இல்லை. சங்கரன்கோவிலில் இரண்டு இரவு தங்குகிறவருக்கோ நகரப் பேருந்தில் போய்வரும் தூரம். தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்தைச் சொல்வார்கள். மண் சங்கரன்கோவில், நெருப்பு கரிவலம்வந்தநல்லூர், நீர் தாருகாபுரம், காற்று தென்மலை, ஆகாயம் தேவதானம். மேற்கே சாய்ந்தால் நெற்கட்டும்செவல், பூலித்தேவரின் ஊர். கிழக்கே கோவில்பட்டிச் சாலையில் கழுகுமலை. ஒற்றைப் பாறையைக் குடைந்து முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலும், மலைச்சரிவு நெடுகத் தீர்த்தங்கரர் உருவங்களும். எங்கே தங்கினால் இவையெல்லாம் அரைமணியிலும் ஒருமணியிலும் அடங்கும் என்று வரைபடத்தை விரித்துப் பார்க்கிறவருக்கு விரல் தானாகவே சங்கரன்கோவிலில் போய் நிற்கும். அருவிக்காகக் குற்றாலத்தில் தங்குகிறவரோடு நமக்குச் சண்டையில்லை. டி.கே.சி. இருந்த ஊர் அது, இலக்கியச் சந்திப்புகள் நடந்த ஊர். குற்றாலத்தைக் குற்றாலத்துக்காகப் பாருங்கள் என்கிறோம், அவ்வளவே.

சிலப்பதிகாரத்தையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு புரட்டிப் பார்க்கலாம். வையையைக் கடந்து வந்த மூவரும் மதுரையின் மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். மறுநாள் கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு நகரைச் சுற்றிப் பார்த்துவருகிறான். நம் குற்றாலம் நண்பர்களின் முன்னோடி. ஆனால் அடிகள் அதை நீடிக்கவிடவில்லை. துறவோர் இருக்கும் இந்த இடம் உங்களுக்கு உரியதன்று, பொழுது சாயுமுன் நகருக்குள் போங்கள் என்கிறார். பிறகு மாதரியிடம் அடைக்கலம். அவள் தருகிற தங்கலை இளங்கோ விரிப்பதைப் பாருங்கள். செம்மண் பூசிய புதிய சிறுமனை, பந்தல், காவல். சமையல் அவர்கள் கையாலேயே ஆகட்டும் என்று புதுக்கலங்களும் அரிசியும் காய்கனிகளும் நெய்யும். சாவக நோன்பியின் உணவு நியமம் இடைச்சேரிப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. விருந்தினன் யாரென அறிந்து அவனுக்கேற்ற இடம் தருவதை இன்றைய நட்சத்திர விடுதிகள் தம் கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்கின்றன. அந்த வீட்டில் கோவலன் உண்ட அமைதியான ஒரு வேளைச் சோற்றுக்குப் பின் என்ன நடந்தது என்பது வேறு கதை. பழி தங்கலின் மேல் இல்லை, பொற்கொல்லன் மேல்.

இவ்வளவு சொன்னதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் நம்மைக் கட்டியணைக்க வரும் என்று தெரியும். சத்திரம், சாவடி, திண்ணை என்று உருகுகிறவர்கள். மங்கம்மாள் சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள். தஞ்சை மராட்டியர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் கட்டினார்கள். நகரத்தார் காசிவரை சத்திரம் கட்டினார்கள். எல்லாம் போய் இன்று லாட்ஜ் வந்துவிட்டதே என்பது அவர்களின் புலம்பல். அந்த அறங்களின் பெருமையை நாம் குறைக்கவில்லை. வழிப்போக்கன் பசியோடு படுக்கக்கூடாது என்று நினைத்த மனம் பெரிய மனம்தான். ஆனால் யார் எந்தத் தாழ்வாரம் வரை வரலாம், யாருக்குச் சோறு எந்தப் பந்தியில், யார் வாசலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும் என்பதற்கும் அதே சத்திரங்களில் விடை இருந்தது. நம் கோயில் நகரங்களில் இன்றும் நிற்கிற மடங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்தால் போதும், கதவு யாருக்காகத் திறந்தது என்பது விளங்கிவிடும். உ.வே.சா.வுக்குத் திறந்த வீடுகளெல்லாம் சுவடி தேடிவந்த எவருக்கும் திறந்திருக்குமா என்ற கேள்வியையும் கூசாமல் கேட்டுக்கொள்வோம். தேரோடும் தெரு யாருடையது என்பதற்காகக் கழுகுமலையில் 1895இல் இரத்தம் சிந்தப்பட்டது. தெருவே அப்படியென்றால் தெருவோரத் தாழ்வாரம் எப்படி இருந்திருக்கும்?

1950இல் வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விடுதிகளை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதி, மதம், பால் எதை முன்னிட்டும் அங்கே எவரையும் தடுக்கலாகாது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலைகளையும் சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டது. தங்கும் இடம் இந்நாட்டில் ஒரு குடியுரிமைப் பிரச்சினையாக இருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தச் சட்டத்தை நம் ஊர்களில் நடைமுறையாக்கியதில் பேருந்து நிலையத்தருகே நிற்கிற சாதாரண லாட்ஜுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நம் கட்சி. அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு வேண்டியது பெயர், முகவரி, முன்பணம். பேரேட்டில் குலம் கோத்திரத்துக்குக் கட்டம் கிடையாது. சாவியில் தொங்குகிற பித்தளை வில்லையில் எண் மட்டும் இருக்கும். எண்ணுக்கு ஏது சாதி? பூ ஏற்றிவந்த வியாபாரி, சேலைக் கொள்முதலுக்கு வந்தவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, நேர்த்திக்கடனுக்கு வந்த குடும்பம், நாமும்தான், எல்லோரும் ஒரே நடையில் ஒரே வாளியைத் தேடுகிறோம். சிறுகதைகளில் லாட்ஜ் என்றால் தற்கொலைக்கும் கள்ளக் காதலுக்கும் என்று ஆக்கிவைத்த நம் எழுத்தாளர்கள் இந்தச் சமத்துவத்தை ஒரு வரியில்கூட எழுதவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்குக் கிடைத்த பரிவு மாவட்ட லாட்ஜுகளுக்குக் கிடைக்கவில்லை.

பாரம்பரிய விடுதி என்று ஒரு புதிய இனம் உண்டு. செட்டிநாட்டின் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பெருவீடுகள் சில விடுதிகளாயின. தரங்கம்பாடியில் கடலோரப் பழங்கட்டடம் ஒன்று. புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில் வரிசையாகப் பல. இவை இல்லையென்றால் பர்மாத் தேக்குத் தூண்கள் விலைக்குப் போயிருக்கும், ஆத்தங்குடித் தரை பெயர்க்கப்பட்டிருக்கும் என்பது உண்மை. கட்டடத்தைக் காத்தவர்களைக் குறைசொல்லோம். ஆனால் முற்றத்தில் வெள்ளித் தட்டில் வைக்கிற கந்தரப்பத்தோடு ஊர் முடிந்துவிடுகிறது. மதிலுக்கு வெளியே போகவேண்டிய தேவையே விருந்தினருக்கு வராதபடி பார்த்துக்கொள்வதுதான் அந்த விடுதிகளின் திறமை. ஓய்வுக்கு அது தகும். ஊரை அறிவதற்குத் திறமை குறைந்த விடுதியே மேல். காபி கிடைக்காத லாட்ஜ் உங்களைக் காலை ஐந்தரைக்குத் தெருவுக்குத் துரத்தும். பாய்லர் கடைப் பெஞ்சில் அன்றைய ஊர் முழுவதும் உட்கார்ந்திருக்கும்.

எல்லோரும் ஊருக்குள் தங்கப் புறப்பட்டால் ஊர் அழியாதா என்று கேட்கிற அறிவாளிகளும் இருக்கிறார்கள். வெனிஸைக் காட்டுகிறார்கள், பார்சலோனாவைக் காட்டுகிறார்கள். காட்டட்டும். வெனிஸின் பழநகரில் குடியிருப்போர் தொகை 2022இல் 50,000க்கும் கீழே இறங்கியது மெய். ஆனால் 2024 ஏப்ரல் 25 அன்று அந்நகரம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் விதிக்கத் தொடங்கியது யார்மீது? காலையில் வந்து மாலையில் போகிறவர்மீது. நகர எல்லைக்குள் இரவு தங்குகிறவருக்கு விலக்கு. கூட்டத்தை மட்டும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறவர் யார் என்பதை அந்த நகராட்சி நம் நண்பர்களைவிடத் தெளிவாகக் கண்டுகொண்டது. பார்சலோனாவின் வழக்கு வேறு. 2028 நவம்பருக்குள் ஏறத்தாழ 10,000 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமத்தை நீக்குவோம் என்று அந்நகர மேயர் 2024இல் அறிவித்தார். குடும்பங்கள் வாழவேண்டிய வீடுகள் பயணிகளின் அறைகளாகிவிட்டன என்பது அங்கே குறை. சரியான குறை. நாம் கேட்பது எவருடைய வீட்டையும் அல்ல. தங்கலுக்கென்றே ஊர் கட்டி, ஆண்டில் பாதி நாள் காலியாக வைத்திருக்கிற அறைகளை. வாடகை உள்ளூரில் நிற்கும், இரவு இட்லிக் கடைக்கு நான்கு தட்டு கூடும், மறுநாள் பூக்காரம்மாவுக்கு ஒரு முழம். குற்றாலத்திலிருந்து வந்துபோகும் கார் நம் ஊருக்கு விட்டுச்செல்வது புகையும் தண்ணீர் பாட்டிலும்.

கல்லூரிக் கருத்தரங்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் குற்றவாளிகளில் நம் துறையினரே முதன்மையானவர்கள். அழைப்பை ஏற்றதும் பெரும்பேராசிரியர் கேட்கும் முதற்கேள்வி தலைப்பைப் பற்றியதாக இருப்பதில்லை. “தங்குறதுக்கு அங்க என்ன இருக்கு? திருநெல்வேலியில போட்டுடுங்களேன், காலைல கார் அனுப்பிச்சாப் போதும்.” ஒன்றரை மணிநேரப் பயணம். பத்து மணி அமர்வு பதினொன்றரைக்குத் தொடங்கும். ‘வட்டார இலக்கியமும் நிலமும்’ என்ற பொருளில் ஒன்றரை மணிநேரம் பேசுவார். நிலம் கார்க் கண்ணாடிக்கு வெளியே இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு பொன்னாடையோடு மறுபடி கார். ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் நாம் இந்தச் செலவுக் கணக்கைத்தான் ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தக் காசில் அவரை மூன்று நாள் இங்கே வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு ஒரே ஒருவர் தங்கினார், பெயர் வேண்டாம். இரண்டாம் நாள் இரவு கோயிலுக்குள் பூலித்தேவர் அறையைப் பார்த்துவிட்டு வந்து, கும்பினியாரின் காவலில் வந்தவர் சாமி கும்பிட உள்ளே போய் மறைந்தே போனார் என்று இங்கே சொல்கிற கதையை விடுதி மேலாளரிடம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் பேசிய பேச்சில் மேற்கோள்கள் குறைந்திருந்தன.

ஆடித்தபசைச் சொல்லாமல் சங்கரன்கோவில் தங்கலைப் பற்றிப் பேசமுடியாது. கொடியேறியதிலிருந்து ஆடிச்சுற்று தொடங்கும். நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை நூற்றெட்டு முறையும் அதற்கு மேலும் சுற்றுவார்கள். ஒரே நாளில் முடிவதில்லை. சுற்றிவிட்டுப் படுத்து, எழுந்து மீண்டும் சுற்றுவார்கள். காரில் வந்து இதைச் செய்யமுடியாது. தபசு நாளில் கோமதியம்மன் தபசு மண்டபத்தில் ஒற்றை விருப்பத்தோடு காத்திருக்க, மாலையில் தெற்கு ரத வீதியில் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பார். அரியும் அரனும் ஓருருவாய்ப் பார்க்கவேண்டும் என்று அம்மை கேட்ட காட்சி. பருத்தியும் வற்றலும் தானியமுமாகத் தத்தம் விளைச்சலை விவசாயிகள் வாரி வீசுவார்கள். இத்தோடு முடிந்தது என்று வண்டியைக் கிளப்புகிறவர்களே மிகுதி. இரவில் சங்கரலிங்கர் யானை வாகனத்தில் மறுபடி வருவார், இரண்டாம் காட்சி அது. அதைக் காண்பவர்கள் தங்கியவர்கள். அன்று அறை கிடைக்காது. கிராமத்து மக்கள் ரத வீதியிலும் மண்டபத்திலும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். ஊரில் தங்குவது என்றால் என்னவென்று அவர்களிடம்தான் கேட்கவேண்டும். தபசுக்கு ஊர் பார்க்க வருகிற வெளியூர் நண்பர்கள் முன்கூட்டியே அறை சொல்லிவைப்பது நலம். ஊர் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் தபசு கழிந்து பத்து நாள் விட்டு வரலாம். காற்று அடங்கியிருக்கும், வாடகையும் அடங்கியிருக்கும்.

இனி நம் பக்கத்துக் குறை. லாட்ஜைப் போற்றியவர்கள் அதன் அழுக்கையும் சொல்லவேண்டும். தண்ணீர் வருகிற நேரத்தை அறைக்குள் எழுதிவைப்பதில்லை. தலையணை உறையின் நிறத்தைப் பற்றிப் பேசவேண்டாம். ஆடி மாதத்தில் ஒலிபெருக்கி காலை நான்கரைக்கே அம்மன் பாட்டைத் தொடங்கிவிடும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம், அல்லது எழுந்து கோயிலுக்குப் போகலாம். இவை பொறுக்கத்தக்கவை. பொறுக்கத்தகாதது ஒன்று உண்டு. தனியாக வருகிற பெண்ணுக்கு அறை இல்லை என்கிறார்கள். தேர்வுப் பணிக்கு வந்த பேராசிரியைக்கு, களஆய்வுக்கு வந்த ஆய்வு மாணவிக்கு, அடையாள அட்டையைக் காட்டிய பிறகும், “கூட யாரும் வரலையாம்மா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய விடுதிகள் நம் பகுதியில் உண்டு. நாம் அவ்விடுதிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 15ஆம் பிரிவு சாதியை மட்டும் சொல்லவில்லை, பாலையும் சொல்கிறது. திருமணமாகாத இருவர் விடுதி அறையில் தங்குவதைத் தடைசெய்யும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றமே 2019இல் சொல்லிவிட்டது. தனியொரு பெண்ணைத் தடுக்க இவர்களுக்கு என்ன சட்டம் இருக்கிறது? கோவலனைத் தேடாமல் கண்ணகிக்கு முதலில் இடம் தந்த மாதரியின் நாடு இது.

ஆகவே கருத்தரங்கு நடத்துகிற துறைகளுக்கும் இலக்கிய அமைப்புகளுக்கும் ஒன்று கேட்கிறோம். விடுதியில் மொத்தமாக அறை எடுக்கும்போது, பெண் பங்கேற்பாளர் தனியே வந்தாலும் சாவி தரப்படும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மறுக்கிற விடுதிக்கு அடுத்த ஆண்டு போகாதீர்கள்; பத்து அறை வாடகை எந்த ஒழுக்கத்தையும் மறுபரிசீலனை செய்யவைக்கும். சென்னையிலிருந்து வருகிறவர்களைப் பொதிகை விரைவு வண்டி காலையில் சங்கரன்கோவில் நிலையத்திலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து பெட்டி கனமில்லை என்றால் நடக்கலாம். ரத வீதிக்கு அருகே கிழக்குப் பார்த்த மாடி அறையாகக் கேளுங்கள். கோபுரம் சன்னலில் தெரியாவிட்டாலும் மொட்டைமாடிக் கதவின் பூட்டுச்சாவி மேலாளரிடம் இருக்கும், துணி காயப்போட வேண்டும் என்று சொன்னால் தந்துவிடுவார்.